கை மட்டும் தெரிந்த படம்

நூல் நூற்கிற ரிங் பிரேம் ஓடுகிற கூடத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே காதில் விழாது. ஆளைக் கூப்பிட விசில், மற்றதற்கெல்லாம் கைச்சாடை. 1998இல் மகாராஜபுரத்திலிருந்து மில் பஸ் ஏறி, ராஜபாளையம் பக்கத்தில் ஒரு நூற்பாலையில் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு வயது 18. சதுரகிரி மலைக்கோயிலுக்குப் போகிறவர்கள் எங்கள் ஊர் வழியாகத் தாணிப்பாறைக்குப் போவார்கள். ஆடி அமாவாசைக்கு ரோடு கொள்ளாத கூட்டம் வரும். அந்தக் கூட்டத்தின் இரைச்சலைவிடப் பெரிய சத்தத்தை நான் முதன்முதலில் கேட்டது அந்தக் கூடத்துக்குள்தான்.

என்னைப் பழக்குவதற்கு ஓர் அக்காவிடம் விட்டார்கள். மூன்று நாள் அவர் எதுவும் சொல்லித் தரவில்லை. பக்கத்தில் நின்று கையைப் பார்க்கச் சொன்னார், அவ்வளவுதான். அறுந்த நூலை ஒட்டுவதுதான் ரிங் பிரேமில் நிற்கிற சைடருக்கு முதல் வேலை. மில்லில் அதைப் பீஸிங் என்போம். ஸ்பிண்டிலை நிறுத்தி, அதில் செருகியிருக்கிற பாபினில் நூல் நுனியைத் தேடி எடுத்து, டிராவலர் என்கிற நகக்கண் அளவுக் கம்பி வளைவுக்குள் நுழைத்து, மேலே கொக்கியில் மாட்டி, முன் ரோலரிலிருந்து இறங்குகிற பஞ்சு இழையோடு சேர்த்துவிட வேண்டும். சேர்கிற இடம் நீண்டுவிட்டால் நூலில் தடிப்பு விழும், குட்டையாக இருந்தால் மறுபடியும் அறும். நாலாம் நாள் அந்த அக்கா என் ஆட்காட்டி விரலைத் தன் விரலுக்கு மேல் வைத்து ஒட்டிக் காட்டினார். அந்த இழுவை எவ்வளவு என்று என் விரலுக்கு அப்போதுதான் தெரிந்தது. மதியம் கேன்டீனில் தட்டை வைத்துவிட்டுக் கேட்டார்: "ஏ பிள்ள, அஞ்சாவது நூலுக்கு உன் கை ஏன் நடுங்குச்சு?" நான் ஒட்டிய ஒவ்வொரு நூலையும் அவர் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார்.

இருபது வருடம் கழித்து, வேலை பழக்குகிற பொறுப்பு எனக்கு வந்தது. செல்போனில் பாடம் நடத்துகிற காலமும் வந்தது. அதில் நான் தவறவிட்டதும் பிறகு பிடித்துக்கொண்டதும் எல்லாம் அந்த அக்கா எனக்குச் செய்ததில் ஏற்கெனவே இருந்தவைதான்.

ராஜபாளையத்துக்கு மில் புதிதல்ல. பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936இல் ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கினார். சுற்று வட்டாரத்தில் நூற்பாலை, சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி என்று பஞ்சையும் நூலையும் நம்பிப் பிழைக்கிற ஊர்கள் இவை. தாய் மில்லுக்குப் போயிருப்பார், மகள் பின்னால் போவாள். பாதி வேலை வீட்டுப் பேச்சிலேயே காதில் விழுந்திருக்கும். நான் பழக்குகிற இடத்துக்கு வந்தபோது அந்தச் சங்கிலி அறுந்திருந்தது. உள்ளூர்ப் பிள்ளைகள் கல்லூரிக்குப் போனார்கள். ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் பீகாரிலிருந்தும் பெண்கள் வந்தார்கள். நூற்பாலையை வாசலோடு நின்றுகூடப் பார்த்திராதவர்கள். எங்களுக்கு அவர்கள் மொழி தெரியாது, அவர்களுக்கு எங்கள் மொழி தெரியாது.

2020 மார்ச் 25இல் நாடு முழுக்க ஊரடங்கு. மில் நின்றது. மறுபடி ஓடத் தொடங்கியபோது வகுப்பறையில் ஆள் கூட்டக் கூடாது என்ற நிலை. நிர்வாகம் வெளியூர் நிறுவனம் ஒன்றிடம் ஒரு செயலியை வாங்கியது. ஒவ்வொரு பாடமும் 40 நிமிடம், கடைசியில் பத்துக் கேள்வி. வேலை முடிந்து வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும். எங்கோ ஆங்கிலத்தில் எழுதப்பட்டு, நூற்பாலையைப் பார்த்திராத யாரோ தமிழாக்கியது. ரிங் பிரேம் அதில் 'வளைய நூற்புச் சட்டகம்'. டிராவலர் 'பயணி'. "பயணி தேய்ந்திருந்தால் உடனே மாற்றவும்" என்று ஒரு வரி. வத்திராயிருப்புப் பக்கத்துப் பெண் ஒருத்தி அதை என்னிடம் காட்டி, "இது யாரைச் சொல்லுதுக்கா?" என்று கேட்டாள். விளையாட்டுக்குக் கேட்கவில்லை. ஐந்து வருடமாக டிராவலர் மாற்றுகிறவள் அவள். தனக்கு நன்றாகத் தெரிந்த பொருளையே தெரியாததாக்கிவிட்ட பாடம் அது.

ஆனாலும் பட்டியலில் எல்லாப் பெயருக்கும் நேரே பச்சை விழுந்தது. பாடம் முடித்துவிட்டார்கள், கேள்விக்கும் பதில் சரி. கூடத்துக்குள் போய்ப் பார்த்தால் பீஸிங் பழையபடியே இருந்தது. விசாரித்தேன். ஒருத்தியின் தம்பி பட்டனை அழுத்தி முடித்திருந்தான், இன்னொருத்திக்கு மகன். அவர்கள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. பகல் ஷிப்ட் முடிந்து ஐந்து மணிக்கு வீட்டில் கால் வைக்கிறவளுக்குத் தண்ணீர் பிடிக்கணும், அடுப்பு பற்ற வைக்கணும். போன் வீட்டுக்காரர் கையில். எங்கள் மலையடிவார ஊர்களில் சிக்னல் கிடைக்கிற இடம் மொட்டை மாடியின் ஒரு மூலை. இத்தனையையும் தாண்டி வந்து அந்த 40 நிமிடத்தைப் பார்க்க அவள் மனசு என்ன பாடுபட வேண்டும்? நம் வேலைக்கான படிப்பை அவள் வீட்டு நேரத்தில் திணித்தோம். தப்பு எங்கள் பக்கம்.

கிருஷ்ணன்கோவிலில் இன்ஜினீயரிங் படித்த என் அக்கா மகன் ஒரு கணக்கைச் சொன்னான். ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் நடத்துகிற இணையப் பாடங்களைப் பற்றி 2019இல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வு அது. 2017-18இல் சேர்ந்தவர்களில் 100க்கு 3 பேர் அளவில்தான் பாடத்தை முடித்தார்கள். சான்றிதழுக்குப் பணம் கட்டியவர்களை மட்டும் எடுத்தால் ஏறக்குறைய பாதிப் பேர். உலகத்திலேயே பெரிய பள்ளிக்கூடங்களின் கதையே இப்படி என்றால் எங்கள் மில்லில் 100க்கு 100 பச்சை எப்படி வரும்? அந்தப் பச்சையைப் பார்த்துத்தான் நான் முதலில் பயந்திருக்க வேண்டும்.

பயப்படாமல் இன்னொரு தப்பையும் செய்தேன். வெளியாள் செய்தது சரியில்லை, நாமே எடுப்போம் என்று மேலாளரிடம் அனுமதி வாங்கி, போர்டு முன்னால் நின்று ஒரு மணி நேரம் பேசிப் பதிவு செய்தேன். பஞ்சு ரகத்தில் தொடங்கி, கடைசியில் நூலைக் கூம்பில் சுற்றுகிற ஆட்டோகோனர் வரைக்கும் எனக்குத் தெரிந்த அத்தனையையும் கொட்டினேன். பார்த்தவர்கள் மரியாதைக்குத் தலையாட்டினார்கள்.

கண் திறந்தது ஒரு முழு நைட் ஷிப்டில். டீ நேரத்தில் கேன்டீன் மூலையில் ஒரு பெண் போனைச் சுவரில் சாய்த்து வைத்துக்கொண்டு ஜாக்கெட்டுக்கு ஆரி வேலைப்பாடு போடக் கற்றுக்கொண்டிருந்தாள். மடியில் துணி, கையில் ஊசி. படம் அரை நிமிடம் ஓடும், நிறுத்துவாள். ஒரு பூப் போட்டுப் பார்ப்பாள். சரியாக வரவில்லை, பின்னால் தள்ளி மறுபடி பார்ப்பாள். படத்தில் பேசியது இந்தி, அவளுக்கு இந்தி தெரியாது. எதிரே உட்கார்ந்திருந்தவள் அவள் கையைப் பார்த்து, "நூலைக் கீழ இருந்து எடு" என்றாள். எங்கள் செயலியில் தம்பியை வைத்துப் பட்டனை அழுத்தியவளும் ஊசி பிடித்திருந்த இவளேதான். போனில் படிக்கத் தெரியாதவள் என்று யாரை நினைத்திருந்தேனோ, அவள் எனக்கு முன்னால் பிரமாதமாகப் படித்துக்கொண்டிருந்தாள்.

அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "இது எப்படி வருது உனக்கு?" என்றேன். "நாளைக்குச் சித்தி மகள் ஜாக்கெட்டைக் கேக்கா அக்கா. அதோட, துணி கையில இருக்கே" என்றாள்.

துணி கையில் இருக்கே என்ற அந்தச் சொல்லை வைத்துத்தான் மறுபடி தொடங்கினோம். மில்லிலேயே நல்ல பீஸிங் யாருக்கு என்று சைடர்களிடமே கேட்டேன். அவர்கள் கைகாட்டிய பெண்ணின் கையைப் படம் எடுத்தோம். முதலில் எதிரே நின்று எடுத்தேன். பார்த்தவர்கள் இடக்கையை வலக்கையாக எடுத்துக்கொண்டு குழம்பினார்கள். பிறகு அவள் தோளுக்குப் பின்னாலிருந்து எடுத்தோம். அப்போதுதான் பார்க்கிறவளுக்கு அது தன் கை போலத் தெரியும். லென்ஸில் பஞ்சுத் தூசு படியும், இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை துடைக்க வேண்டும். இன்னொன்றும் தெரிந்துகொண்டோம். நிமிடத்துக்கு 18,000 சுற்றுச் சுற்றுகிற ஸ்பிண்டில் செல்போன் படத்தில் சில நேரம் மெதுவாகச் சுற்றுவது போல, நின்றுவிட்டது போலக்கூடத் தெரியும். அதைப் பார்த்துப் பழகியவள் ஓடுகிற பாபினில் விரலை வைத்தால் தோல் போய்விடும். எந்தப் படத்தையும் ஆள் பக்கத்தில் இல்லாமல் காட்டுவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

ஒரு படம் இரண்டு நிமிடம், மிஞ்சினால் மூன்று. ஒரு படத்துக்கு ஒரே வேலை. பேச்சு மிகக் குறைவு, அதுவும் கூடத்தில் நாங்கள் பேசுகிற பேச்சு. தமிழில் ஒருத்தி, இந்தியில் ஒருத்தி, ஒடியாவில் ஒருத்தி. மூவருமே எங்கள் சைடர்கள். படத்தில் முகம் தெரியாது. ஆனால் காட்டிய முதல் நாளே, "இது ரெண்டாம் ஷிப்ட் அக்கா கைதானே? வளையலைப் பாருங்க" என்று பிள்ளைகள் கண்டுபிடித்துவிட்டார்கள். அந்த நிமிடத்திலிருந்து அவர்கள் பார்த்த விதமே மாறியது. வெளியாள் செய்தால் அது வித்தை. கேன்டீனில் நம் பக்கத்தில் சாப்பிடுகிறவள் செய்தால் நம்மாலும் முடியும்.

இதை நாங்கள்தான் கண்டுபிடித்தோம் என்று சொல்ல மாட்டேன். 2006இல் பெங்களூரில் மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சிக் கூடத்தில் தொடங்கி, பிறகு தனி அமைப்பாகிய டிஜிட்டல் கிரீன் விவசாயிகளிடம் இதைச் செய்து பார்த்திருக்கிறது. கர்நாடகக் கிராமங்களில் உள்ளூர் விவசாயியையே படம் எடுத்து உள்ளூர்க்காரர்களுக்குக் காட்டினார்கள். பார்த்தவர்கள் கேட்ட முதல் கேள்வி, படத்தில் இருக்கிற ஆள் யார், எந்த ஊர் என்பதுதான். காட்டுகிற இடத்தில் அந்த ஊர் ஆள் ஒருவர் இருந்து, படத்தை நடுநடுவே நிறுத்திக் கேள்வி கேட்பார், பதில் சொல்வார். எங்களுக்கும் எல்லாவற்றையும்விடக் கைகொடுத்தது இந்த நிறுத்துகிற ஆள்தான். படத்தை எடுப்பது பெரிய காரியமில்லை. எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று அறிந்தவர் பக்கத்தில் இருக்க வேண்டும். நிறுத்தி, "இப்ப இவ அடுத்து என்ன செய்வா?" என்று கேட்க வேண்டும். தப்பாகச் சொன்னாலும் பரவாயில்லை, சொன்னவளின் மனசு அந்த வேலைக்குள் இறங்கிவிடும்.

நேரத்துக்குத்தான் சண்டை போட வேண்டியிருந்தது. ஷிப்டுக்குள்ளேயே 15 நிமிடம் கேட்டேன், சம்பள நேரத்தில். பிரேம் நிற்காது. சைடர் நகர்ந்தால் நூல் அறுந்துகொண்டே இருக்கும், அதனால் அந்த 15 நிமிடத்துக்கு அவள் இடத்தில் ஒரு ரிலீவர் நிற்க வேண்டும். உற்பத்திப் பக்கத்தில் யாருக்கும் சம்மதமில்லை. நான் கழிவுப் பஞ்சை வைத்துப் பேசினேன். 40ஆம் நம்பர் நூல் ஓடுகிற பிரேமில் முன் ரோலரிலிருந்து நிமிடத்துக்கு 17, 18 மீட்டர் இழை இறங்கும். நூல் அறுந்திருக்கிற ஒவ்வொரு விநாடியும் ஏறக்குறைய ஒரு அடி இழை உறிஞ்சுகுழாய்க்குள் போய்க் கழிவாகும். புதுப் பெண் ஒரு நூலை ஒட்ட அரை நிமிடம் தடுமாறினால் 30 அடி. ஒரு ஷிப்டில் எத்தனை தடவை? பழகுகிறவர்கள் நிற்கிற பிரேம்களின் கழிவைத் தனியாக மூட்டை கட்டி, ஷிப்ட் முடிவில் தராசில் வைத்துக் காட்டினேன். மேலாளர் மூட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "ஒரு மாசம் செஞ்சு பாருங்க" என்றார்.

அதற்குப் பிறகு பத்துக் கேள்விப் பரீட்சையை விட்டுவிட்டோம். தராசுதான் எங்கள் பரீட்சை. படம் பார்த்த கையோடு, ஓரமாக ஒதுக்கி வைத்த பழைய பிரேமில் ஒட்டிப் பார்க்க வேண்டும். மறுநாள் படம் இல்லாமல் ஒட்ட வேண்டும். ஒரு வாரம் கழித்து, சொல்லாமல் கொள்ளாமல், ஓடுகிற பிரேமில் பார்ப்பேன். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்காவில் தொழிற்சாலைக்குப் புதிதாக வந்தவர்களைப் பழக்க ஒரு முறை வகுத்தார்கள்: மனசைத் தயார் செய், செய்து காட்டு, செய்ய விடு, பிறகு வந்து பார். நாலே படி. செல்போன் தாங்குவது இரண்டாவது படியை மட்டும்தான். மற்ற மூன்றுக்கும் ஆள் வேண்டும். மூட்டையின் எடை இறங்கியது. ஒரு மாதம் முடிந்தபோது அந்த 15 நிமிடத்தைத் திருப்பிக் கேட்க யாரும் வரவில்லை.

நடுவில் நடந்த ஒன்றை நான் மறைக்கக் கூடாது. ரோலரில் பஞ்சு சுற்றிக்கொள்வதை லேப்பிங் என்போம். அதை எடுக்கிற முறையைப் படம் எடுக்க அனுபவசாலி ஒருத்தியை நிறுத்தினேன். அவள் ரோலரை மேலிருந்து அழுத்துகிற டாப் ஆர்மைத் தூக்காமலே, ஓடுகிற ரோலரில் கொக்கியைக் கொடுத்து ஒரே இழுப்பில் எடுத்துவிட்டாள். பதினைந்து வருடக் கைப்பழக்கம், கண்ணுக்கு அழகாக இருந்தது. நான் கவனிக்கவில்லை. அந்தப் படம் இரண்டு வாரம் சுற்றியது. ஒருநாள் புதுப் பெண் ஒருத்தி அதே மாதிரி கொக்கியை நீட்டியதைக் கூடத்து மேஸ்திரியான ஜாபர் தற்செயலாகப் பார்த்து, அவள் தோளைப் பிடித்து இழுத்தார். விரலுக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்றைக்கு வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் என் கை நடுங்கிக்கொண்டே இருந்தது. ஆள் நேரில் தப்பாகச் சொல்லிக் கொடுத்தால் ஒருத்திக்குப் போகும். படம் தப்பாக இருந்தால் பார்த்தவள் அத்தனை பேருக்கும் போகும், நான் தூங்குகிற நேரத்திலும் போகும். அதற்குப் பிறகு பிட்டர், ஜாபர், பாதுகாப்பு அலுவலர் மூவரும் பார்த்துக் கையெழுத்துப் போடாத படம் வெளியே போனதில்லை.

பக்கத்தில் ஆள் வேண்டும் என்பதை அலுவலகப் பக்கத்திலும் பார்த்தேன். ஐ.ஐ.டி.க்களும் பெங்களூர் ஐ.ஐ.எஸ்சி.யும் சேர்ந்து 2003இல் தொடங்கிய என்.பி.டி.இ.எல். இணையப் பாடங்களில் எங்கள் மேற்பார்வையாளர்கள் சிலர் சேர்ந்தார்கள். தனித்தனியாகப் படித்தவர்கள் மூன்றாம் வாரத்திலேயே நின்றுவிட்டார்கள். கடைசி வரைக்கும் போய்ப் பரீட்சை எழுதியது மூன்று பேர். அந்த மூவரும் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒருவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அந்த வாரப் பாடத்தைப் பேசிக்கொள்வார்கள். ஒருவர் வரவில்லை என்றால் மற்ற இருவர் போன் போடுவார்கள்.

படத்தால் கொடுக்க முடியாதவையும் உண்டு. நூலின் இழுவை விரலுக்குத்தான் தெரியும். பேரிங் சூடாகும்போது வருகிற வாடை மூக்குக்குத்தான் தெரியும். ஈரப்பதம் குறைந்து பஞ்சு பறக்கத் தொடங்கும்போது, மீட்டரைப் பார்ப்பதற்கு முன்பே பழைய சைடருக்குத் தொண்டையில் தெரிந்துவிடும். இவற்றுக்காக நான் இன்றைக்கும் புதுப் பெண்ணின் விரலை என் விரலுக்கு மேல் வைத்துத்தான் தொடங்குகிறேன். படம் அதற்குப் பிறகு.

போன வருடம் ஒடிசாவின் ராயகடாப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். வயது 19. அவளுக்குப் படம் காட்டியது நானல்ல, இரண்டு வருடம் முன்பு அதே ஊர்ப் பக்கத்திலிருந்து வந்தவள். பீஸிங் படம். எங்கள் படங்களிலேயே நல்லது என்று நான் நினைத்திருந்தது, நூறு தடவைக்கு மேல் காட்டியது. புதுப் பெண் கையை நீட்டித் தானே படத்தை நிறுத்தினாள். ஒடியாவில் என்னமோ கேட்டாள். மூத்தவள் பதில் சொல்லாமல் என்னைப் பார்த்தாள்.

"என்ன கேக்கா?"

"ஸ்பிண்டில் யார் நிறுத்தினது, கேக்கா அக்கா. ரெண்டு கையும் மேல இருக்கு."

நான் படத்தைப் பின்னால் தள்ளிப் பார்த்தேன். வலக்கையில் பாபின், இடக்கையில் நூல் நுனி. ஸ்பிண்டில் நின்றுதான் இருக்கிறது. முழங்கால்! பிரேக்கை முழங்காலால்தான் அழுத்துவோம். அழுத்திப் பிடித்துக்கொண்டே மேலே கை வேலை நடக்கும், விடுகிற நேரமும் ஒட்டுகிற நேரமும் பொருந்த வேண்டும். பாதிப் பேருக்குப் பீஸிங் கெடுவதே அந்தப் பொருத்தத்தில்தான். நாங்கள் தோளுக்குப் பின்னாலிருந்து கையை மட்டும் எடுத்திருந்தோம். என்னைப் பழக்கிய அக்கா விரலைப் பிடித்துக் காட்டியபோது என் கால் அவர் காலை ஒட்டித்தான் நின்றிருந்தது. அதனால் யாரும் சொல்லாமலே என் கால் கற்றுக்கொண்டுவிட்டது. சொல்லிக் கற்காததைச் சொல்லித் தரவும் எனக்குத் தோன்றியதில்லை. இதை எழுதத் தொடங்கியபோதுகூட, ஸ்பிண்டிலை நிறுத்தி என்று மேலே ஒரு சொல்லில் தாண்டிவிட்டேன், பாருங்கள்.

புதுப் பெண்ணைப் பழைய பிரேமுக்குக் கூட்டிப் போய், என் பக்கத்தில் கால் ஒட்ட நிற்க வைத்தேன். மூத்தவள் தரையில் குந்தி உட்கார்ந்து, போனைக் கீழேயிருந்து மேலே பிடித்தாள், முழங்காலும் கையும் ஒன்றாகத் தெரிகிற மாதிரி. லென்ஸைத் துடைக்கச் சொன்னேன். அரை நைட் ஷிப்டுக்கு விசில் அடிக்க இன்னும் 15 நிமிடம் இருந்தது.